ஆலுவாவின் ஆறும் அன்றாட வழக்கங்களும்

கேரளத்தின் மிக நீளமான ஆறாகிய பெரியாறு, சிவகிரி மலைகளில் தோன்றி 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலை அடைகிறது. தமிழக வாசகர்களுக்கு இது அயலாறு அன்று. 1895ஆம் ஆண்டு முதல் இதன் நீரில் ஒரு பங்கு முல்லைப் பெரியாறு அணை வழியே வைகைச் சமவெளிக்கு வந்து கொண்டிருக்கிறது. கடலை நெருங்கும் தறுவாயில் இந்த ஆறு இரு கிளைகளாகப் பிரியும் இடத்தில் அமைந்த ஊர் ஆலுவா. இதன் மணப்புறத்தில் மகாசிவராத்திரியன்று மக்கள் பெருந்திரளாகக் கூடி முன்னோருக்குப் பலியிடுகின்றனர். ஸ்ரீ நாராயண குரு 1913இல் அத்வைத ஆசிரமத்தை நிறுவியதும் இக்கரையிலேயேதான்.

ஆலுவாவுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கொச்சி மாநகரம் அருந்தும் நீரின் பெரும்பகுதி இங்கே ஆற்றிலிருந்து இறைத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி போன்ற காயலோரப் பகுதிகளில் கிணற்று நீர் உவர்ப்பானது. குழாய்கள் வருவதற்கு முன் ஆலுவாவிலிருந்து படகுகளில் நன்னீர் கொண்டு செல்லப்பட்ட காலமும் இருந்தது. ஆகவே, ஆலுவாவிலும் அதற்கு மேலேயும் கரையோரம் வாழ்கின்ற ஒரு குடும்பம் தன் வீட்டுக் கழிவை என்ன செய்கிறது என்பது அக்குடும்பத்தின் சொந்த விவகாரமாக மட்டும் இருக்க இயலாது.

2018 ஆகஸ்ட் வெள்ளம் இதைக் கண்கூடாக்கியது. ஆலுவா நகரம் நீரில் மூழ்கிற்று. அருகிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டது. நீர் வடிந்தபின், ஆலுவாவுக்கு மேலே மலையாற்றூர்–கோடநாடு பாலத்தின் மீது பிளாஸ்டிக் குப்பை கம்பளம் விரித்தாற்போல் படிந்து கிடந்தது. மக்கள் ஆற்றில் எறிந்ததை ஆறு திருப்பித் தந்துவிட்டது என்று அப்போது பலரும் கூறினர். எறிந்தவர் வீட்டு வாசலுக்கே அது திரும்பி வந்திருந்தால் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் வந்தது பொதுப் பாலத்துக்கு; அகற்றியதும் பொதுச் செலவில்தான்.

பொருளாதாரம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. ஒரு பையைப் பாலத்திலிருந்து வீசுவோர்க்குச் செலவு ஏதும் இல்லை. அதன் செலவைக் கீழ்க்கரையில் வலை வீசும் மீனவரும், நீரைச் சுத்திகரிக்கும் நிலையமும், குழாயடியில் குடத்துடன் நிற்பவரும் ஏற்கின்றனர். செலவு ஓரிடத்திலும் வசதி வேறோரிடத்திலும் இருக்கும் வரை அறிவுரைக்குப் பலன் குறைவே. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சுற்றுச்சூழலுக்கேற்ற வாழ்க்கைமுறை இயக்கம், தனிமனிதர் மேற்கொள்ளத்தக்க 75 செயல்களைப் பட்டியலிட்டது. நல்ல பட்டியல்தான். எனினும் ஒரு செயலை அறிந்திருப்பதற்கும் அது நாள்தோறும் தானாக நிகழும் வழக்கமாவதற்கும் உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைக் குறைப்பவை ஏற்பாடுகளே.

எல்.இ.டி. விளக்கை எடுத்துக்கொள்வோம். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 93 யூனிட் மின்சாரம் மிச்சமாகும். இக்கணக்கு முன்பே தெரிந்ததுதான். ஆயினும் விளக்கின் விலை அதிகமாக இருந்தவரை சாமானியர் அதை வாங்கவில்லை. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் மொத்தக் கொள்முதலால் விலையை வீழ்த்திற்று. அத்திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. இன்று குண்டு பல்பைக் கேட்டு வாங்குவோர் அரிது.

குப்பை விஷயத்தில் இதற்கு ஒப்பான மாற்றம் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு பெருந்தீக்குப் பின்னரே வேகம் கொண்டது. கொச்சி மாநகராட்சியுடன் ஆலுவா உள்ளிட்ட அண்டை நகராட்சிகளின் குப்பையும் பிரம்மபுரத்தில் ஆண்டுக்கணக்கில் குவிக்கப்பட்டு வந்தது. 2023 மார்ச் 2ஆம் நாள் அக்குவியலில் தீப்பற்றியது; பத்து நாட்களுக்கும் மேலாக நகரம் நச்சுப் புகையில் தவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறியிருந்தன. ஆனால் பிரித்து வைத்த குப்பை ஒரே லாரியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைக் காணும் இல்லத்தரசி மறுவாரம் பிரிப்பாரா?

இவ்விடத்தில்தான் ஹரித கர்ம சேனையின் பங்கு முக்கியமாகிறது. குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் பெரும்பாலும் இதில் பணிபுரிகின்றனர். மக்கும் கழிவை இயன்றவரை வீட்டிலேயே உரமாக்குவது. கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் முதலியவற்றை வாசலுக்கு வரும் சேனையிடம் ஒப்படைத்து மாதந்தோறும் சிறு கட்டணம் செலுத்துவது: இதுவே ஏற்பாடு. வாசலில் ஒட்டிய கியூ.ஆர். குறியீட்டின் வழியே எந்த வீடு ஒப்படைத்தது, எந்த வீடு ஒப்படைக்கவில்லை என்பது பதிவாகிறது. தொடக்கத்தில் எதிர்ப்பு இல்லாமலில்லை. ‘எங்கள் குப்பையைக் கொடுப்பதற்கு நாங்களே பணமும் கொடுக்க வேண்டுமா?’ என்று வினவியோர் பலர். பழைய இரும்பும் செய்தித்தாளும் விற்றுக் காசு பார்த்துப் பழகியவர்களின் நியாயமான வினாவே அது. கழிவை அகற்றுவதும் குடிநீரைப் போல விலையுள்ள ஒரு சேவை என்பதை ஏற்கச் சில ஆண்டுகள் பிடித்தன. கட்டண நிலுவையைச் சொத்து வரி போல வசூலிக்க வழிசெய்த சட்டத் திருத்தமும் துணைநின்றது.

இதில் கணக்கில் வராத உழைப்பு ஒன்று உண்டு. பால் உறையைக் கழுவிக் கொடியில் காயவைப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் பெண்களே. வாசலில் வாங்குபவரும் பெண். அதைச் சேகரிப்பு மையத்தில் தரம் பிரிப்பவரும் பெண். விழாக்களில் எறிதட்டுகளை விலக்கி எஃகுத் தட்டுகளைப் பயன்படுத்தும் பசுமை நடைமுறையைக் கேரளம் 2015ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிகளில் பெரிய அளவில் செய்து காட்டியது. அங்கும் தட்டுகளைக் கழுவுவோர்க்குரிய கூலியை விழாச் செலவில் சேர்த்தால்தான் திட்டம் நிலைக்கும். வீட்டு வேலையை ஆண்களும் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்பதைச் சுற்றுச்சூழல் பிரசுரங்கள் ஏனோ சொல்வதில்லை.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். 2017 ஜூன் முதல் ஆலுவாவிலிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2023இல் காயலில் நீர்வழி மெட்ரோ தொடங்கியது. ஸ்கூட்டரை வீட்டில் விட்டுச் செல்லும் வழக்கம், நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இரண்டு கிலோமீட்டரைப் பொறுத்தே அமைகிறது.

குடும்பங்களின் ஒழுங்கைப் பற்றி இவ்வளவு கூறும்போது மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. ஆலுவாவுக்குக் கீழே ஏலூர்–எடயார் பகுதியில் 1940கள் தொட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. 2024 மே மாதம் அப்பகுதிக்குக் கீழே பெரியாற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் ஒரே இரவில் முதலை இழந்தனர். பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்ததால் நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணமென மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வோ அம்மோனியாவும் சல்பைடும் மிகுந்திருந்ததைச் சுட்டிற்று. காரணம் எதுவாயினும், எந்தக் குடும்பமும் பால் உறையைக் கழுவி வைப்பதால் அந்த மீன்கள் பிழைத்திரா. அது கண்காணிப்பும் சட்டமும் செய்ய வேண்டிய பணி. தனிமனிதர் வழக்கங்களைப் பற்றிய பிரசாரம் அப்பணிக்குத் திரையாகிவிடலாகாது.

எனினும் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது சமையலறைக் கழிவு. அதைத் தொழிற்சாலையின் மீது சுமத்த முடியாது. பிரம்மபுரத்தில் குவியல் வளர்ந்ததற்கும், பிளாஸ்டிக் உறையில் முடிச்சிட்ட மீன் கழிவு ஆற்றுக்கு வருவதற்கும் இதுவே முதற்காரணம். வீட்டில் உரம் தயாரிக்கும் தொட்டிகளும் குழாய்களும் மானிய விலையில் வழங்கப்பட்டுள்ளன. தொட்டி வாங்கியோரில் பலர் கைவிடுவது மழைக்காலத்தில்தான். கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் கழிவில் ஈரம் மிகுந்து, காற்று புகாமல், புழுவும் நாற்றமும் உண்டாகின்றன. ஈரமான ஒவ்வொரு பிடிக்கும் உலர்ந்த பொருள் ஒரு பிடி சேர்த்தால் இது நேராது. அதற்குத் தென்னை நார்க்கழிவே போதுமானது. கயிற்றுத் தொழில் நிகழும் மாநிலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அது கிடைக்காத வீட்டார், மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சிலேயே சருகைக் கூட்டி எரிக்காமல் இரண்டு சாக்குகளில் கட்டி, நனையாத திண்ணையோரம் வைத்துக்கொள்ளலாம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது மழைக்காலத்தின் பெரும்பகுதிக்குக் காணும்.