‘அவ தைரியசாலிங்க!’

“பயமா இருக்கா?” என்று நான் நேராகக் கேட்பதில்லை. கேட்டால், கூட வந்தவர் முந்திக்கொள்வார்: “அவ தைரியசாலிங்க மேடம்!” வீட்டுக்காரரை பில் கவுண்டருக்கு அனுப்பிவிட்டுத்தான் தாளை எடுப்பேன். கோவையில் ஒரு புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகர் வேலை எனக்கு.

தாளில் ஏழே கேள்விகள். பெயர் ஜிஏடி-7, 2006-இல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரமாகப் படபடப்பு உண்டா, கவலையை நிறுத்த முடிகிறதா, எரிச்சல் வருகிறதா, கெட்டது ஏதோ நடக்கப்போவதாகத் தோன்றுகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டி 10-ஐத் தொட்டால் விடாமல் விசாரிக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ ஏற்றிக்கொள்ளும் ஒரு அம்மா, பொள்ளாச்சிப் பக்கம். முதல் மூன்று கேள்விக்கும் “ஒண்ணுமில்ல கண்ணு” என்றார். நான் பேனாவை மூடி வைத்ததும் அவராகவே ஆரம்பித்தார். “குளிக்கறப்ப இன்னொரு பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன். அக்குள்ளயும். அமுக்கி அமுக்கியே கன்னிப்போச்சு.” மறுபடி முதலிலிருந்து கேட்டோம். 14.

14 வந்துவிட்டதால் பதற்ற நோய் என்று எழுதிவிட முடியாது. தாள் வெறும் சல்லடை. கீமோவுக்கு முன் போடும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டே தூக்கத்தைக் கெடுக்கும், மனதைப் பரபரக்க வைக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாது. ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். திடீரென மூச்சு வாங்கினால் அது பயத்தால்தான் என்று யாரும் தேற்றக் கூடாது. நுரையீரலில் ரத்தக்கட்டியா, இதயக் கோளாறா என்று டாக்டர் பார்த்த பிறகுதான் மற்றது. 1983-இல் வந்த ஹாட்ஸ் என்ற இன்னொரு கேள்வித்தாள், உடல்நோயும் மனநோயும் குழம்பிவிடக் கூடாதென்றே உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது.

நோய் இன்னதென்று முடிவு செய்ய மனநல மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை நாளாக? சமையல், தூக்கம், சிகிச்சை எது தடைப்படுகிறது? ஸ்கேன் நெருங்கும்போது மட்டுமா? மனச்சோர்வும் உண்டா, சாக வேண்டும்போல் இருக்கிறதா? பொதுவான பதற்ற நோய் என்று சொல்ல ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நோய்ச்செய்தி கேட்ட அதிர்ச்சியில் வருவது பல சமயம் வேறு வகை. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் சாப்பிட்டால், மாத்திரை எழுதும் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். பராக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள் அதன் செயலாக்கத்தில் குறுக்கிடும்.

பொள்ளாச்சி அம்மாவுக்கு மருந்தேறிய இரவுகளில் தூக்கம் போனதற்கு ஸ்டீராய்டும் காரணம் என்று தெரிந்தது. அமுக்கிப் பார்ப்பது தனிக் கதை. அதற்குப் பேச்சு சிகிச்சை நடக்கிறது.

ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. கடைசி கீமோ முடிந்து இனிப்பு கொடுக்க வருகிறவர்களிடமும் தாளை நீட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வருவது நின்ற பிறகு பயம் பிடிக்கிறவர்கள் உண்டு. ஆலோசகர் இல்லாத ஊரில் இருந்தால் அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.