எஸ்11 அழகாக இருக்கிறது, மின்சாரம் எங்கே?

கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பும் வளையத்தை சிமுலேஷனில் வடிவமைப்பவர்கள் முதலில் பார்ப்பது மூலத்துக்கே திரும்பிவருவது எவ்வளவு என்று காட்டும் எஸ்11 வரைபடத்தைத்தான். 13.56 மெகாஹெர்ட்ஸில் கோடு ஆழமாக இறங்கிவிட்டால் பொருத்தம் முடிந்தது என்று மூட்டைகட்டிவிடுகிறார்கள். அவசரம் அங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. ஆரம், 2 மி.மீ. தடிமன் செம்புக் கம்பி, ஒரே சுற்று. இதன் தூண்டல் எண் சுமார் 0.59 மைக்ரோஹென்றி. அந்த அதிர்வெண்ணில் மின்மறுப்பு 50 ஓம். மின்தடையோ வெறும் 0.1 ஓம். 50 ஓம் மூலத்தை நேராக இணைத்தால் அது தரக்கூடிய திறனில் 0.4% மட்டுமே உள்ளே போகும், மிச்சமெல்லாம் திரும்பிவிடும். தொடரில் 234 பிகோஃபாரட் மின்தேக்கி போட்டு மின்மறுப்பை முழுக்க ரத்து செய்தாலும் 0.8%தான். ஒத்திசைவு வந்துவிட்டது, பொருத்தம் வரவில்லை. 0.1 ஓமை 50 ஓமாகக் காட்டவேண்டும். அதற்கு வளையத்தோடு தொடரில் 245 பிகோஃபாரட், மூலத்துக்கு இணையாக 5.3 நானோஃபாரட் என்று இரண்டு மின்தேக்கிகள் வேண்டும். இப்போது எஸ்11 கச்சிதம்.

ஆனால் உள்ளே போன திறன் என்ன ஆகிறது? பக்கத்தில் வாங்குவதற்கு யாருமில்லை. கிட்டத்தட்ட முழுவதும் செம்பிலேயே சூடாகிறது. அருமையான எஸ்11 உள்ள ஒரு ஹீட்டரைத்தான் செய்திருக்கிறோம்.

இதேபோன்ற இரண்டாவது வளையத்தை 10 செ.மீ. தள்ளி, நேரெதிரே வையுங்கள். அதையும் ஒத்திசைவில் வைத்து 4.2 ஓம் சுமை கொடுங்கள். அந்தச் சுமை முதல் வளையத்தில் சுமார் 4.1 ஓம் மின்தடையாகப் பிரதிபலிக்கும். 0.1 ஆக இருந்தது ஒரே நொடியில் 4.2 ஆகிவிட்டது. தனி வளையத்துக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த பொருத்தம் வழியே இப்போது 9% திறன்கூடப் போகாது. இந்த நிலைக்குத் தேவையானவை 324, 773 பிகோஃபாரட் மின்தேக்கிகள். அவற்றைப் போட்டால் உள்ளே போகும் திறனில் ஏறக்குறைய 95% சுமைக்கே சேரும்.

ஆகவே இரண்டு வளையங்களையும் சேர்த்தே மின்காந்த சிமுலேட்டரில் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போர்ட் வைத்து, கிடைக்கும் எஸ்-பராமீட்டர் கோப்பை சர்க்யூட் சிமுலேட்டருக்குக் கொண்டுபோய் அங்கே மின்தேக்கிகளைத் தேடுங்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் வளையத்தை மறுபடி கணக்கிடத் தேவையில்லை; நேரம் எக்கச்சக்கமாக மிச்சம். பார்க்கவேண்டியது எஸ்11 மட்டுமல்ல, இரண்டாவது வளையத்துக்குப் போய்ச்சேருவது எவ்வளவு என்று காட்டும் எஸ்21-ம்தான்.

இன்னொரு பொறி கடத்தியின் வகை. கம்பியை இழப்பே இல்லாத முழுமைக் கடத்தியாக விட்டுவிட்டால் மிஞ்சுவது கதிர்வீச்சு மின்தடை மட்டுமே. இந்த வளையத்துக்கு அது 0.00013 ஓம் அளவில்தான் இருக்கும். அதை நம்பிப் பொருத்தினால் வரும் மின்தேக்கி மதிப்புகள் எதற்கும் உதவாது. செம்பு என்று கொடுத்தாலும், இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பரப்பில் சுமார் 18 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடும். கம்பிக்குள் அவ்வளவு நுணுக்கமாக மெஷ் போடுவது வீண்வேலை. மேற்பரப்பு இம்பீடன்ஸ் மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கடைசியாகத் தூரத்தையும் நகர்த்திப் பாருங்கள். இடைவெளி 20 செ.மீ. ஆனால் பிரதிபலிக்கும் மின்தடை 4.1-இலிருந்து 0.34 ஓமுக்கு விழுகிறது, 10 செ.மீ.க்குச் செய்த பொருத்தம் மூன்றில் ஒரு பங்கு திறனைத்தான் உள்ளே விடும். வாங்கும் கருவி இடம் மாறிக்கொண்டே இருக்குமென்றால் நிலையான இரண்டு மின்தேக்கிகள் போதாது. மின்தேக்கிகளைத் தானாக மாற்றிக்கொள்ளும் சுற்று ஒன்றையும் அதே சிமுலேஷனில் சேர்த்துவிடவேண்டியதுதான்.