போடிங் அறையில் ரவுட்டர்: மாற்ற வேண்டிய இரண்டு கடவுச்சொற்கள்

புதிய இடத்தில் நீங்கள் குடியேறிய பின், மூத்த பிள்ளை மாத்தளை நகரிலோ பேராதனையிலோ போடிங்கில் தங்கிப் படிக்கலாம். படிப்புக்காக 4ஜி ரவுட்டர் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அதிலுள்ள சிம் அட்டை பெரும்பாலும் அப்பாவின் அல்லது அம்மாவின் தேசிய அடையாள அட்டையில்தான் பதிவாகியிருக்கும். அந்த இணைப்பில் யாராவது தவறு செய்தால், முதலில் கேள்வி வருவது அந்தப் பெயருக்குத்தான்.

ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருக்கும். பலர் வந்துபோகும் போடிங்கில் எவரும் அதைத் திருப்பி ஒரு படம் எடுத்தால் போதும். பிறகு பாதி மாதத்திலேயே டேட்டா முடியும். பிள்ளை படம் பார்த்துத் தீர்த்துவிட்டதாக நினைத்து நீங்கள் ஏசுவீர்கள்.

இதைவிட முக்கியமானது இரண்டாவது கடவுச்சொல். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது அதுதான். 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற எண்ணை உலாவியில் தட்டினால் அந்தப் பக்கம் வரும். உங்கள் ரவுட்டருக்குரிய எண் ஸ்டிக்கரில் இருக்கும். பல ரவுட்டர்களில், குறிப்பாகப் பழையவற்றில், இந்தக் கடவுச்சொல் வெறும் ‘அட்மின்’ என்றே இருக்கும். வைஃபையில் இணைந்த எவரும் உள்ளே போய் உங்களையே வெளியே வைத்துப் பூட்டலாம். இணைய முகவரிகளைத் தேடித்தரும் டி.என்.எஸ். அமைப்பை மாற்றி, உங்களைப் போலி வங்கிப் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் முயலலாம்.

2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை: தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர், கடவுச்சொல் சோடிகளை மாறிமாறித் தட்டிப் பார்த்தது. பிரித்தானியா 2024 ஏப்ரல் முதல் இத்தகைய பொதுக் கடவுச்சொற்களுடன் கருவிகளை விற்பதையே தடைசெய்துள்ளது.

பிள்ளை வீட்டுக்கு வரும்போது அருகில் அமர்ந்து இரண்டையும் மாற்றுங்கள். பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும். அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்று இருக்கட்டும். டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிடுங்கள். அதன் எண் எட்டு இலக்கமானாலும் இரண்டு துண்டாகச் சரிபார்க்கப்படுவதால், 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இலேயே தெரிந்துவிட்டது.

அறைத் தோழர்களுக்கு இணைப்புக் கொடுக்கக் கூடாது என்பதில்லை. கஷ்டத்தில் பகிர்ந்து வாழ்ந்த நமக்கு மறுக்கவும் மனம் வராது. ‘கெஸ்ட்’ வலையமைப்பு இருந்தால் அதைத் திறந்து, வேறு கடவுச்சொல் கொடுக்கலாம். யாராவது அறையை விட்டுப் போனால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

ரவுட்டரைப் பொது நடையில் வைக்காமல் பூட்டும் அறைக்குள் வையுங்கள். ரீசெட் துளைக்குள் ஊசியைச் சில வினாடிகள் அழுத்தினால் நீங்கள் வைத்தவை எல்லாம் அழிந்து, ஸ்டிக்கரில் உள்ள கடவுச்சொல்லே திரும்பிவிடும். உங்கள் கடவுச்சொல் திடீரென்று வேலை செய்யாமல், ஸ்டிக்கரில் உள்ளது வேலை செய்தால், யாரோ கை வைத்திருக்கலாம். இரண்டையும் அன்றே மீண்டும் மாற்றுங்கள்.