செடியைத் தாண்டிக் குதிக்கும் எழுத்துகள்

எம்.எஸ். வேர்டில் ஒரு படத்தை இன்சர்ட் செய்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து பாருங்கள். ராப் டெக்ஸ்ட் என்ற வசதி இருக்கும். அதில் ஸ்கொயர் என்று கொடுத்தால், படத்தைச் சுற்றிக் கட்டம் போட்டதுபோல எழுத்துகள் விலகி நிற்கும். டைட் என்று கொடுத்தால், படத்தின் ஓரத்தை ஒட்டியே வளைந்து வரும். இப்போது படத்தைப் பக்கத்தின் நடுவில் இழுத்து வையுங்கள். ஒரே வரி இடப்பக்கம் பாதி, படத்தைத் தாண்டி வலப்பக்கம் மீதி என்று உடைந்துவிடும். இந்த டைட் வேலையைச் சுமார் 600 வருடங்களுக்கு முன் பேனாவால் செய்த ஒருவர், என்னுடைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டார்.

அவர் எழுதியது வாய்னிச் கையெழுத்துப் பிரதி. வில்ஃப்ரிட் வாய்னிச் என்ற பழைய புத்தக வியாபாரி 1912-ல் இத்தாலியில் இதை வாங்கினார். 1969 முதல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பெய்னக்கி நூலகத்தில், எம்.எஸ். 408 என்ற எண்ணில் இருக்கிறது. (மைக்ரோசாஃப்டுக்கும் இந்த எம்.எஸ்.ஸுக்கும் சம்பந்தமில்லை!) இதன் தோல் ஏடுகள் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டவை என்று 2009-ல் செய்த கார்பன் சோதனை காட்டியது. சுமார் 240 பக்கங்கள். இந்த எழுத்து வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இதுவரை யாரும் இதைப் படித்துச் சொன்னதும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய செடி நிற்கிறது.

ஸ்கேன் செய்த பக்கங்களை நூலகமே இலவசமாகத் தருகிறது. ஒரு செடிப் பக்கத்தை டவுன்லோட் செய்து, பெரிதாக்கிப் பாருங்கள். வரி இடது ஓரத்தில் ஒழுங்காகத் தொடங்கும். இலை வந்ததும் நின்றுவிடும். தண்டுக்கு அந்தப் பக்கம் அதே உயரத்தில் மறுபடி தொடங்கும். இலையின் மேல் எழுத்து ஏறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதிலிருந்து ஒன்று புரிகிறது. முதலில் செடியின் கோட்டுப்படம், அதன் பிறகுதான் எழுத்து. மிச்சமிருந்த இடத்துக்குள் அவர் சொற்களை அடக்க வேண்டியிருந்திருக்கிறது.

இது வெறும் பக்க அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துத்தான் நானும் ஏமாந்தேன்.

இந்த எழுத்துகளை கம்ப்யூட்டரில் டைப் செய்ய வசதியாக, ஒவ்வொரு குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்து ஈ.வி.ஏ. என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறையில் முழுப் புத்தகமும் டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடைக்கிறது. சொல் இடைவெளிக்கு அதில் ஒரு புள்ளி. படம் குறுக்கே வந்து வரி உடையும் இடத்தில், கோண அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு கோடு. மற்ற குறிப்புகளும் கோண அடைப்புக்குறிக்குள்தான் வரும். பார்ப்பதற்கு ஹெச்.டி.எம்.எல். டேக் மாதிரியே இருக்கும்.

அலுவலகத்தில் தினமும் டேக்குகளை நீக்கி நீக்கிப் பழகிய கை! அடைப்புக்குறிக்குள் இருந்த எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழித்துவிட்டு, சொற்களை எண்ணும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதினேன். புத்தகம் முழுவதிலும் ஒரே ஒரு முறை வரும் சொற்கள் எவை என்பதுதான் என் கேள்வி. பட்டியலில் நீளநீளமான சொற்கள் வந்தன. அவற்றில் பெரும்பகுதி செடிப் பக்கங்களில் இருந்தன. அதுவும் தண்டுக்குப் பக்கத்திலேயே! செடியின் பெயரைச் செடிக்கு அருகில்தானே எழுதுவார்கள்? இரவு பதினொன்றரை மணிக்கு அறை நண்பனை எழுப்பி, செடிப் பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவன் புரண்டு படுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறுதான் ஒரு சொல்லை ஸ்கேன் படத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. அதன் முதல் பாதி தண்டுக்கு இடப்பக்கம் இருந்தது, மறு பாதி வலப்பக்கம். இரண்டும் தனித்தனிச் சொற்கள். இடைவெளிக் குறியை நான் அழித்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டு புதுச் சொல் ஆகிவிட்டன. என் செடிப் பெயர்களை உண்டாக்கியதே செடிதான்! மூன்றாவது ஞாயிறு, எண்ணியதை எல்லாம் மறுபடி எண்ணுவதில் போனது. பட்டியல் பாதியாக இளைத்துவிட்டது.

பிறகு படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பிரெஸ்காட் கரியர் என்பவர் 1976-லேயே, இந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியும் தனி அலகுபோல நடந்துகொள்கிறது என்று சொல்லியிருக்கிறார். சில குறிகள் வரியின் கடைசியில்தான் அதிகம் வரும். ஆகவே வரி எங்கே உடைகிறது என்பதைத் தூக்கி எறிந்துவிட்டுச் செய்யும் எந்தக் கணக்கும் கோணலாகத்தான் வரும். தண்டுக்கு முன்னால் நிற்கும் சொற்களையும் வரிக் கடைசிச் சொற்களையும் இப்போது தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் முயற்சி செய்வதாக இருந்தால், நோட்பேடில் ஃபைலைத் திறந்ததும் ரீப்ளேஸ் வசதியில் முதலில் அந்தச் சிறு கோட்டுக் குறியைப் புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற அடைப்புக்குறிகளை அதற்குப் பிறகு நீக்கலாம். அசல் ஃபைலை மட்டும் வேறொரு பெயரில் சேவ் செய்து வைத்துவிடுங்கள்.