முகவரி அறிந்து செல்லும் உலோகம்

உறையின் மேல் 'சென்னை' என்று மட்டும் எழுதினால் கடிதம் போய்ச் சேருமா? தெரு, கதவிலக்கத்துடன் 'ராயப்பேட்டை, சென்னை 600014' என்று எழுதினால் உரியவரிடம் சேர்ந்துவிடும். உடலுக்குள் மறைந்துள்ள புற்றுக்கட்டியைப் படம் பிடிக்கவும் இத்தகைய முகவரி தேவை. கட்டியைக் காட்டிக்கொடுக்கும் உலோகத்தை இரத்தத்தில் செலுத்தலாம். ஆனால் அது உடலெங்கும் பரவிவிடுமே! கட்டிக்கு மட்டும் அனுப்புவது எப்படி?

முகவரி படிக்கத் தெரிந்த தபால்காரர் நம் இரத்தத்திலேயே இருக்கிறார். அவர்தான் எதிர்ப்பொருள் என்னும் புரதம். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குப் பொருந்தும் மூலக்கூறை மட்டுமே பற்றும். சில புற்றுச் செல்களின் மேற்பரப்பில் குறிப்பிட்ட மூலக்கூறுகள் மிகுதியாக உண்டு; அவையே முகவரி. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டனர். 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஆனால், உலோக அயனி எதிர்ப்பொருளின் மேல் தானாக உறுதியாய் ஒட்டாது. இடையில் ஒரு 'நண்டுக் கொடுக்கு' வேண்டும். கடின நீரிலுள்ள கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. அத்தகைய ஒன்று. இதனைக் கொடுக்கிணைப்புப் பொருள் என்பர். இதன் உறவினரான டி.டி.பி.ஏ.யில் உலோகத்தைப் பிடிக்க 3 நைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. கொடுக்கின் ஒரு பக்கத்தை எதிர்ப்பொருளுடன் பிணைத்து, மறுபக்கத்தில் உலோகத்தை ஏற்றுகின்றனர்.

பிடி தளர்ந்தால் என்ன ஆகும்? கதிரியக்க இண்டியத்தை, இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் பறித்துக்கொள்ளும். படம் தவறான இடத்தைக் காட்டும். காந்த அதிர்வுப் படத்துக்கு உதவும் கடோலினியமோ, தனித்து விடப்பட்டால் நச்சு. ஆகவேதான் உலோகத்தை வளையத்துக்குள் சிறைப்படுத்தும் 'டோட்டா' போன்ற கொடுக்குகளை வேதியியலார் உருவாக்கினர்.

கடோலினியத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. படத்தில் தெரிய அது ஏராளமாகக் குவிய வேண்டும். ஒரு செல்லிலுள்ள முகவரிகளோ அளவானவை. கதிரியக்க உலோகம் மிகச் சிறிதளவே போதும். எதிர்ப்பொருள் கட்டியில் சேரவும், மிஞ்சியது இரத்தத்திலிருந்து நீங்கவும் சில நாட்கள் ஆகும். எனவே 2.8 நாள் அரை ஆயுளுள்ள இண்டியம்-111 பொருத்தமாயிற்று.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர், மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் என்ற எதிர்ப்பொருளில் டோட்டாவைப் பொருத்தி, லுடீசியம்-177ஐ ஏற்றி ஆராய்ந்துள்ளனர். இவ்வுலோகத்தின் காமாக் கதிர் படம் பிடிக்க உதவும். பீட்டாக் கதிர் புற்றுச் செல்லை அழிக்கும்.

மாணவர்களே, ஒரு கணக்கு: இன்று ஏற்றிய இண்டியம்-111இல் 8.4 நாட்களுக்குப் பின் எத்தனை பங்கு எஞ்சும்? அரை ஆயுள் சில நிமிடங்களே என்றால் இத்தபால் பயன்படுமா? சிந்தித்துப் பாருங்கள்.