ஒரே தகடு, இரு தீர்ப்புகள்

மார்பில் கட்டி தென்பட்டால், வைத்தியர் ஊசியினால் சிறிதளவு இழையத்தை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றார். முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்கள் எவ்வளவு நீண்டவை என்பதை எம்மவர் பலர் அறிவர். வைத்தியசாலைக் கடிதத்தைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மொழிபெயர்க்க, தாய் கேட்டிருக்கும் வீடுகளும் எம்மிடையே உண்டு. அக்கடிதத்தின் பின்னால் நிற்பவரை நாம் காண்பதில்லை. அவர், கண்ணாடித் தகட்டிலுள்ள இழையத்தை நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நோயியல் வல்லுநர்.

அவ்வல்லுநர்கள் எல்லோரும் ஒன்றையே காண்கின்றார்களா? 2015 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனை ஆராய்ந்தது. 115 வல்லுநர்கள் வழங்கிய 6,900 முடிவுகள், நிபுணர் மூவர் கூடி எடுத்த முடிவுகளோடு ஒப்பிடப்பட்டன. சூழவுள்ள இழையத்துள் ஊடுருவிய புற்றுநோயில் 100க்கு 96 முடிவுகள் ஒத்திருந்தன. புற்றுநோயும் அல்லாத, இயல்பானதும் அல்லாத இடைநிலை மாற்றங்களிலோ 48 மட்டுமே ஒத்திருந்தன. ஆபத்து இங்கேதான் உள்ளது. தேவையற்ற சத்திரசிகிச்சைக்கு ஒரு பெண் ஆளாகலாம். தேவையான சிகிச்சை இன்னொருத்திக்குக் கிடைக்காமற் போகலாம்.

இவ்விடைவெளியைக் குறைக்கவே இயந்திரக் கற்றல் முறை முயல்கின்றது. தகடுகளின் படங்களையும் அவற்றுக்கு நிபுணர் கண்ட முடிவுகளையும் கணினிக்குக் காட்டுகின்றார்கள். கலங்களின் வடிவையும் அடுக்கையும் கொண்டு அது வேறுபாடுகளைக் கற்கின்றது. முன்னைய ஆய்வின் 240 மாதிரிகளைக் கொண்டே செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு 2019 இல் வெளிவந்தது. பால்நாளத்துள் அடங்கிய புற்றுநோயை இடைநிலை மாற்றத்திலிருந்து பிரித்தறிவதில், கணினி 100க்கு ஏறத்தாழ 89ஐச் சரியாகக் கண்டது. வல்லுநர்களின் சராசரி 70. கணினிக்குக் களைப்பு இல்லை. இன்று காட்டிய படத்தையே நாளை காட்டினாலும் அதன் விடை மாறுவதில்லை.

எனினும், மாறாத விடை எல்லாம் சரியான விடை ஆகிவிடாது. கற்பித்தவரின் தவறையும் கணினி கற்றுக்கொள்ளும். வேறோர் ஆய்வுகூடத்தின் சாயநிறம் சற்று மாறினாலே அது தடுமாறக்கூடும். எனவே அதனை வல்லுநரின் இரண்டாவது கண்ணாகக் கொள்வதே தகும். இறுதிப் பொறுப்பு மனிதருடையதே.

எம் குடும்பங்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. முடிவு இடைநிலை மாற்றம் என வந்தால், "இன்னொரு வல்லுநர் இத்தகட்டைப் பார்த்தாரா?" என்று கேளுங்கள். அது வைத்தியரை அவமதிப்பதாகாது. மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். அச்சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றவேண்டாம்.