புட்டி மாறினால்

நன்னிலம் வட்டாரத்தில் சம்பா நடவு முடிந்து வயலுக்கு மருந்தடிக்கும் பருவம் வந்துவிட்டால், மிச்ச மருந்து வீட்டில் தங்குவது வழக்கம். டப்பா இடத்தை அடைக்கிறதே என்று, எஞ்சியதைக் குளிர்பானப் புட்டிக்கு மாற்றிவிடுகிறோம். தெருவில் விற்கப்படும் பினாயிலும், கழிவறை கழுவும் ஆசிட்டும் அத்தகைய புட்டிகளிலேயே நம் இல்லம் புகுகின்றன. தவழும் குழந்தைக்கு எழுத்துத் தெரியாது. புட்டியின் வடிவம் தெரியும். அதிலிருந்து இனிப்பாகக் குடித்த நினைவும் இருக்கும். துணிப்பெட்டியில் இடும் வெண்ணிறப் பாச்சை உருண்டையும் அதற்கு மிட்டாய்தான்.

கலம் மாறுவதன் கேட்டைப் பீகாரின் சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமம் அறியும். 2013 ஜூலை 16 அன்று பள்ளியில் மதிய உணவு உண்ட மாணவருள் 23 சிறார் மாண்டனர். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். நம் உழவர்க்கும் பழகிய பெயரே. பூச்சிமருந்து இருந்த கலத்தில் சமையல் எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததே காரணமென்று அதிகாரிகள் கருதினர். எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்த பெண்மணி சொல்லியும் செவிசாய்ப்பார் இல்லை என அந்நாளைய செய்திகள் கூறின. தலைமையாசிரியை 2016இல் தண்டனை பெற்றார்.

நஞ்சுண்ட குழந்தைக்குப் புளிக்கரைசலோ உப்புநீரோ புகட்டி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தாய்மார்களே, இதனை அறவே விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் வயிற்றைவிட நுரையீரலுக்கே பெரும்பகை. வாந்தியில் மேலே வருகையில் அவை மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கும். ஆசிட்டோ, இறங்கும்போது சுட்ட தொண்டையை ஏறும்போது மறுமுறை சுடும். உப்பு மிகுந்தால் சிற்றுடலுக்கு அதுவே நஞ்சு.

செய்யவேண்டியது சிறிதே. வாயைத் துடைத்து, மருந்து பட்ட உடையைக் களைந்து, உடம்பைச் சோப்பிட்டுக் கழுவி, 108 ஊர்தியை அழைக்கவேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்னும் இலவச எண்ணில் கேட்கலாம். குழந்தையோடு புட்டியும் மருத்துவமனைக்குப் போகட்டும். மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துக்கு அட்ரோபின் ஊசி உயிர்காக்கும். ஆசிட்டுக்கு அது உதவாது. சீட்டில்லாத குளிர்பானப் புட்டியை நீட்டினால் மருத்துவர் எதைக் கண்டு முடிவு செய்வார்?

மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில் இருக்கட்டும். தீர்ந்தபின் எத்தனை முறை கழுவினாலும் அது எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ ஆகாது. அடியில் துளையிட்டுவிட்டால் எவரும் எடுத்துப் புழங்க முடியாது.